வைஃபையை அணைத்தது யார்? லினக்ஸ் மடிக்கணினியில் ‘டிசேபிள்ட்’ என்று வந்தால்

2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. அதற்கப்புறம் மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் பக்கம் பழைய மடிக்கணினிகளில், விண்டோஸுக்குப் பதிலான இலவச இயங்குதளமான லினக்ஸை ஏற்றிக்கொள்பவர்களை அடிக்கடி பார்க்கிறேன். எஸ்பிஎம் பள்ளித் தேர்வு முடித்துவிட்டுக் கல்லூரிக்குக் கிளம்பும் பிள்ளைகள், டியூஷன் எடுப்பவர்கள், கோயில் கணக்கு எழுதுபவர்கள். கையில் இருப்பது பெரும்பாலும் ஏதோ ஓர் அலுவலகம் கழித்துப் போட்ட டெல், எச்பி அல்லது திங்க்பேட். ஈப்போவிலோ கோலாலம்பூர் லோ யாட் பிளாசாவிலோ மலிவாகக் கிடைத்திருக்கும். விண்டோஸ் 11 அதில் ஏறாது, லினக்ஸின் ஒரு வகையான லினக்ஸ் மின்ட் சுகமாக ஏறிவிடும். ஏறிய கொஞ்ச நாளில் இப்படி ஒரு குரல் வரும்:

“அண்ணே, வைஃபை டிசேபிள்ட்னு காட்டுது. லினக்ஸுக்கு வைஃபை வராதாம்லா, எல்லாரும் சொல்றாங்க. ஃபார்மட் பண்ணிடவா?”

பண்ணாதே தம்பி. வைஃபை ‘வராது’ என்பது ஒன்று, ‘அணைந்திருக்கிறது’ என்பது வேறொன்று. அணைந்திருக்கிறது என்றால் யாரோ, எதுவோ அணைத்திருக்க வேண்டும். அது யார் என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. தெரியாமல் ஃபார்மட் செய்தால், சில சமயம் அதே கோளாறு புது லினக்ஸிலும் அப்படியே வந்து நிற்கும். ஏன் என்று கீழே வருகிறது.

லயத்து விளக்கு

மின்சார வாரியத்தின் கம்பி வந்து சேராத காலத்தில், பல தோட்டங்களில் லயத்து வீடுகளுக்கு, அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு, விளக்கு எரிந்தது நிர்வாகத்தின் ஜெனரேட்டரால்தான். சாயங்காலம் ஓட்டுவார்கள், ராத்திரி குறித்த நேரத்தில் நிறுத்திவிடுவார்கள். வீட்டுச் சுவரில் சுவிட்ச் இருக்கும். ஒரு நாள் அதைப் போடாமலே விளக்கு எரியவில்லை என்போம். ஆனால் கொட்டகையில் ஜெனரேட்டர் நின்றுவிட்டால் அந்தச் சுவிட்சை எத்தனை தடவை தட்டினாலும் ஒன்றும் ஆகாது. இன்னொரு நாள் ஜெனரேட்டர் ஓடும், சுவிட்சும் போட்டிருக்கும், விளக்கு மட்டும் எரியாது. அண்ணாந்து பார்த்தால் பல்பே மாட்டியிருக்காது.

மூன்று நாளும் வீட்டில் இருட்டுதான். ஆனால் முதல் வகைக்கு நம் விரல் போதும், இரண்டாவதற்குக் கொட்டகைக்கு நடக்க வேண்டும், மூன்றாவதற்குக் கடைக்கு. மடிக்கணினியின் வைஃபையும் இதே மூன்று இடங்களில்தான் அணைகிறது. திரையில் தெரிவது மட்டும் ஒரே செய்தி. அதனால்தான் இத்தனை குழப்பம்.

உள்ளே இருப்பவர்கள்

மடிக்கணினிக்குள் வைஃபை என்பது கட்டைவிரல் அகலத்தில் ஒரு சின்ன அட்டை. அடிமூடியைக் கழற்றினால் அதிலிருந்து இரண்டு மெல்லிய கம்பிகள், பெரும்பாலும் கறுப்பும் வெள்ளையுமாக, திரையின் ஓரத்தை நோக்கிப் போவது தெரியும். அவை ஆன்டெனாக்கள். கம்பி கழன்றால் சிக்னல் பலவீனமாகும். ‘டிசேபிள்ட்’ என்ற செய்தி அதனால் வராது. சிக்னல் குறைவையும் முடக்கத்தையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

அந்த அட்டையிடம் பேசத் தெரிந்த நிரலுக்கு டிரைவர் என்று பெயர். ஒவ்வொரு வகை அட்டைக்கும் ஒரு டிரைவர். டிரைவர்கள் குடியிருக்கும் இடம் கர்னல். இயங்குதளத்தின் நடுமையம் அதுதான், வன்பொருள் எல்லாவற்றோடும் நேரடியாகப் பேசுவது அது ஒன்றே. அந்தக் கர்னலுக்குள் ரேடியோக்களை, அதாவது வைஃபை, புளூடூத் போலக் கம்பியில்லாமல் பேசும் பாகங்களை, அணைக்கவும் ஏற்றவும் மட்டுமே ஒரு தனிப் பிரிவு இருக்கிறது, ஆர்எஃப்கில் என்று பெயர். விமானத்தில் ஏறியதும் வைஃபை, புளூடூத், சிம் எல்லாவற்றையும் ஒரே அடியாக அணைக்க வேண்டும் அல்லவா, அந்த மாதிரித் தேவைக்கு வைத்தது. திரையில் குட்டி விமானப் படம் வந்தால் ஆர்எஃப்கில் வேலை செய்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

இதற்கெல்லாம் மேலே, திரையின் ஓரத்தில் வைஃபை படத்தைக் காட்டுகிறதே, அது நெட்வொர்க் மேனேஜர். பாவம், அதற்குத் திட்டு விழுவதுதான் அதிகம். கீழே நடந்ததை அது நமக்குச் சொல்கிறது, பெரும்பாலும் அவ்வளவுதான் அதன் பங்கு.

ஒரே ஒரு கட்டளை

டெர்மினலைத் திறங்கள். கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் கறுப்புச் சாளரம், கன்ட்ரோல், ஆல்ட், டி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் பல லினக்ஸ்களில் திறக்கும். அதில் ஆர்எஃப்கில் லிஸ்ட் (rfkill list) என்று அடியுங்கள். எல்லாம் ஆங்கிலச் சிறிய எழுத்து, இரண்டு சொல்லுக்கும் நடுவில் ஓர் இடைவெளி.

ஒரு பட்டியல் வரும். மடிக்கணினியில் உள்ள ஒவ்வொரு ரேடியோவுக்கும் ஒரு பெயர், அதன் கீழே இரண்டு வரி. முதல் வரி சாஃப்ட் பிளாக்ட், இரண்டாவது வரி ஹார்ட் பிளாக்ட். ஒவ்வொன்றுக்கும் நேரே யெஸ் அல்லது நோ. வயர்லெஸ் லேன் என்று எழுதியிருப்பதுதான் நம் வைஃபை.

சாஃப்ட் பிளாக் என்றால் மென்பொருள் போட்ட தடை, சுவர் சுவிட்ச். ஹார்ட் பிளாக் என்றால் மென்பொருளால் எடுக்க முடியாத தடை, ஜெனரேட்டர் கொட்டகை. பட்டியலில் வைஃபையே இல்லை என்றால் பல்பு கதை. ஃபார்மட் செய்யலாமா என்று யோசிப்பவர்கள் முதலில் இந்த இரண்டு வரியைப் படித்துவிட்டு முடிவு செய்யட்டும்.

சாஃப்ட் பிளாக்: எளிதான ஆள்

சாஃப்ட் மட்டும் யெஸ் என்று இருந்தால் ஆர்எஃப்கில் அன்பிளாக் வைஃபை (rfkill unblock wifi) என்று அடித்தால் போதும். அனுமதி இல்லை என்று மறுத்தால் முன்னால் சூடோ (sudo) சேர்த்து மறுபடி அடித்து, கடவுச்சொல்லைக் கொடுங்கள். சூடோ என்பது ‘நிர்வாகி என்ற உரிமையில் செய்’ என்று சொல்லும் முன்னொட்டு.

இது எப்படி விழுந்தது? பெரும்பாலும் எஃப்என் விசையோடு இன்னொரு விசையை யாரோ தெரியாமல் அழுத்தியிருப்பார்கள். ஒலியைக் கூட்டப் போய்ப் பக்கத்து விசையில் விரல் பட்டிருக்கும். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் விசாரணையே தேவையில்லை.

அடுத்ததாக எல்லோரும் கேட்பது: “ரீஸ்டார்ட் பண்ணியும் சரியாகலையே?” ஆகாது. இன்றைய லினக்ஸ்களில் பெரும்பாலானவற்றில் சிஸ்டம்டி என்ற தொகுப்பு இருக்கிறது. மடிக்கணினியை ஏற்றும்போது, அதாவது ஆன் செய்யும்போது, மற்ற சேவைகளை வரிசையாகத் தொடங்கி வைப்பது அதன் வேலை. அணைக்கும்போது எந்த ரேடியோ தடையில் இருந்தது என்று அது குறித்து வைத்துக்கொண்டு, மறுபடி ஏற்றும்போது அதே நிலைக்குக் கொண்டுவந்துவிடும். நெட்வொர்க் மேனேஜரும் அப்படியே, வைஃபையை நாம் அணைத்தோமா இல்லையா என்பதைத் தனியாக நினைவில் வைத்திருக்கும். விமானப் பயன்முறையில் விட்டுவிட்டுப் போனவருக்கு இது நல்லதுதான். தெரியாமல் அழுத்தியவருக்குத்தான் தலைவலி.

தடையை எடுத்தும் படம் மாறவில்லையென்றால் நெட்வொர்க் மேனேஜரின் சொந்த சுவிட்சைப் பாருங்கள். எக்ஸ்எஃப்சிஇ, மாட்டே போன்ற மேசைத்தளங்களில் (லினக்ஸின் திரைத் தோற்ற வகைகள் இவை) வலையமைப்புப் படத்தின் மேல் வலது சொடுக்கு போட்டால் எனேபிள் நெட்வொர்க்கிங், எனேபிள் வைஃபை என்று இரண்டு வரி வரும். இரண்டிலும் டிக் இருக்க வேண்டும். முதலாவதில் டிக் போய்விட்டால் கம்பி வழி இணையமும் சேர்ந்து போய்விடும். வைஃபையும் கேபிளும் ஒரே நேரத்தில் செத்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இந்த வரியைத்தான்.

ஹார்ட் பிளாக்: கொட்டகைக்கு நடக்க வேண்டும்

வைஃபை அட்டையின் ஓரத்தில் வரிசையாகத் தங்க நிறக் கோடுகள் இருக்கும், பின் என்பார்கள். அவற்றில் ஒன்றுக்கு ரேடியோவை அணைப்பது மட்டும்தான் வேலை. பழைய மினி பிசிஐ எக்ஸ்பிரஸ் அட்டைகளில் 20ஆவது பின், இன்றைய எம்.2 அட்டைகளில் வைஃபைக்கு 56ஆவது. அந்தக் கம்பியில் மின்னழுத்தம் தாழ்ந்தால் அட்டை வாயை மூடிக்கொள்ளும். லினக்ஸ் என்ன சொன்னாலும் அது திறக்காது, அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள். விண்டோஸ் இருந்தாலும் இதே கதிதான்.

அந்தக் கம்பியைப் பிடித்திருப்பது யார்? முதல் ஆள் பக்கவாட்டில் இருக்கும் ஒரு குட்டி நகர்வு சுவிட்ச். டெல் லாட்டிட்யூடின் பழைய இ வரிசையிலும் பழைய திங்க்பேட்களிலும் உடம்பின் விளிம்பில், அரிசி நீளத்துக்குச் சற்றே பெரிதாக இருக்கும். பையில் நுழைக்கும்போதே நகர்ந்துவிடும். கீழே உட்கார்ந்து டார்ச் அடித்து விளிம்பு முழுக்கத் தடவிப் பாருங்கள். வைத்திருப்பவர்களுக்கே அப்படி ஒன்று இருப்பது தெரியாது என்பதுதான் வழக்கம். எச்பி அலுவலக மாடல்களில் இதற்குப் பதில் விசைப்பலகையில் ஒரு விசை உண்டு, அணைந்திருந்தால் அதில் ஆரஞ்சு நிற விளக்கு எரியும்.

இரண்டாவது ஆள் பயாஸ். மடிக்கணினி ஏறும்போது இயங்குதளத்துக்கும் முன்னால் விழிக்கும் நிரல் அது. டெல்லில் எஃப்2, எச்பியில் எஃப்10, திங்க்பேடில் எஃப்1 அழுத்தி உள்ளே போகலாம். அங்கே வயர்லெஸ் லேன் என்ற வரி டிசேபிள்ட் ஆக இருக்கக்கூடும். அலுவலகத்தில் பாதுகாப்புக்காக அணைத்து வைத்தது அப்படியே நம் வீட்டுக்கு வந்திருக்கும். புதிதாக லினக்ஸ் ஏற்றினாலும் போகாத கோளாறு என்று முன்னால் சொன்னேனே, அதில் இது ஒன்று. பயாஸ் அமைப்பு தாய்ப்பலகையில் இருக்கிறது, வட்டை அழித்தால் அது அழியாது.

எச்பியின் பயாஸில் இன்னொரு வேடிக்கை உண்டு. லேன் டபிள்யூலேன் சுவிட்சிங் என்று ஒரு வசதி. நெட்வொர்க் கேபிளைச் சொருகினால் வைஃபையைத் தானாக அணைத்துவிடும். அலுவலகத்துக்கு நியாயமான ஏற்பாடுதான். வீட்டிலோ, லினக்ஸ் நிறுவ வேண்டுமென்று யூனிஃபை ரவுட்டரிலிருந்து கேபிள் இழுத்துச் சொருகுகிறோம், உடனே வைஃபை அணைகிறது. “லினக்ஸ் போட்டதும் வைஃபை போச்சு” என்று தலைப்பு வைத்துவிடுகிறோம். கேபிளைப் பிடுங்கிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

மூன்றாவது ஆள் விசைப்பலகை, மின்கலம், விசிறி முதலியவற்றைக் கவனிக்கும் ஒரு தனிச் சில்லு. மடிக்கணினியை அணைத்த பிறகும் மின்சாரம் இருக்கும் வரை அது விழித்திருக்கும், சில சமயம் பழைய நிலையிலேயே பிடிவாதமாக நிற்கும். அணைத்துவிட்டு, சார்ஜரைப் பிடுங்கி, கழற்ற முடிந்த மின்கலமானால் அதையும் கழற்றி, பவர் பொத்தானை 30 வினாடி அழுத்திப் பிடியுங்கள். மந்திரம் மாதிரித் தெரியும். செய்வது என்னவோ அந்தச் சில்லுக்கு முழு ஓய்வு கொடுப்பதுதான்.

ஒரே மடிக்கணினியில் விண்டோஸும் லினக்ஸும் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இயங்கினால் ஷட்டவுன் கொடுத்தாலும் அது முழுக்க அணைவதில்லை, பாதித் தூக்கத்துக்குத்தான் போகிறது. அட்டையையும் ஒரு விசித்திர நிலையில் விட்டுவிடலாம். அந்த வசதியை அணைத்துவிடுங்கள்.

இதுவரை வந்தது இவ்வளவுதான். சாஃப்ட் யெஸ் என்றால் கட்டளையால் எடுக்கலாம். ஹார்ட் யெஸ் என்றால் விளிம்புச் சுவிட்ச், பயாஸ், கேபிள், மின்சாரம் என்று கையால் தேட வேண்டும்.

ஹார்ட் என்று பொய் சொல்லும் மடிக்கணினிகள்

இங்கேதான் நன்றாகத் தெரிந்தவர்களும் சறுக்குகிறார்கள். சில மடிக்கணினிகளில் ஆர்எஃப்கில் பட்டியலில் வைஃபை இரண்டு தடவை வரும். ஒன்று அட்டையின் டிரைவர் பதிவு செய்தது, ஃபை0 என்ற மாதிரிப் பெயர். இன்னொன்று மடிக்கணினி நிறுவனத்தின் விசைகளுக்கான நிரல் பதிவு செய்தது: எச்பி வைஃபை, டெல் வைஃபை, ஐடியாபேட் டபிள்யூலேன் என்று இருக்கும். இரண்டும் ஒரே அட்டையைத்தான் குறிக்கின்றன.

இந்த இரண்டாவதில் சாஃப்ட் தடை விழுந்தால், அந்த நிரல் நேரே அணைக்கும் கம்பியை இழுத்துவிடலாம். உடனே முதலாவதில் ஹார்ட் பிளாக்ட் யெஸ் என்று வரும். பார்ப்பவர் முதல் பதிவை மட்டும் பார்த்துவிட்டு, ‘ஹார்ட், ஒன்றும் செய்ய முடியாது’ என்று கைவிட்டுவிடுவார். உண்மையில் கொட்டகைக்கு நடக்க வேண்டிய அவசியமே இல்லை. ஆர்எஃப்கில் அன்பிளாக் ஆல் (rfkill unblock all) என்று அடித்தால் எல்லாத் தடையையும் எடுக்கப் பார்க்கும், சாஃப்ட் போனதும் ஹார்டும் போய்விடும். அதனால் பட்டியலைக் கடைசி வரி வரை படிக்க வேண்டும். என்னைக் கேட்டால் இந்த ஒரு பழக்கம் மற்ற எல்லாக் குறிப்புகளையும் விடப் பெரிது.

லெனோவாவின் ஐடியாபேட், யோகா மாடல்களில் வேறொரு கூத்து நடந்தது. அவற்றில் பலவற்றில் நகர்வு சுவிட்சே கிடையாது. ஆனால் லினக்ஸின் ஐடியாபேட் லேப்டாப் என்ற டிரைவர் ‘சுவிட்ச் எங்கே இருக்கிறது’ என்று பயாஸிடம் கேட்கும், பயாஸ் ‘அணைந்திருக்கிறது’ என்று பொய்ப் பதில் சொல்லும். இல்லாத சுவிட்சை யார் போடுவது? கர்னல் எழுதுபவர்கள் ‘இந்த மாடலின் பேச்சைக் கேட்காதே’ என்று மாடல் மாடலாக ஒரு பட்டியலில் சேர்த்துக்கொண்டே போனார்கள். பட்டியல் நீண்டுகொண்டே போக, பிற்பாடு வழக்கத்தையே திருப்பிப்போட்டார்கள்: சுவிட்ச் உண்டு என்று தெரிந்த மாடல்களை மட்டும் நம்பு, மற்றதை விட்டுவிடு என்று.

ஆகவே பழைய லினக்ஸும் யோகாவும் சேர்ந்து ஹார்ட் தடை காட்டினால், முதல் மருந்து புதிய கர்னல். அது முடியாவிட்டால் சூடோ மோட்புரோப் மைனஸ் ஆர் ஐடியாபேட் அடிக்கோடு லேப்டாப் (sudo modprobe -r ideapad_laptop) என்று அடித்து அந்த டிரைவரைக் கர்னலிலிருந்து நீக்கிப் பாருங்கள். மைனஸ் ஆர் என்பது கழித்தல் குறியும் ஆர் எழுத்தும், அடிக்கோடு என்பது சொற்களுக்கு நடுவில் வரும் கீழ்க்கோடு. வைஃபை விழித்துக்கொண்டால் குற்றவாளி அதுதான். டிரைவரை நீக்கினால் சில எஃப்என் விசைகள் வேலை செய்யாமல் போகலாம், அதைத் தெரிந்துகொண்டே செய்யுங்கள்.

பட்டியலில் வைஃபையே இல்லையென்றால்

தடையே இல்லை, ஆளே இல்லை. நோ வைஃபை அடாப்டர் ஃபவுண்ட் என்ற செய்தி வருவதும் இந்த வகைதான். அன்பிளாக் கட்டளையை நூறு தடவை அடித்தாலும் பயனில்லை.

எல்எஸ்பிசிஐ மைனஸ் கே (lspci -k) என்று அடியுங்கள், இங்கும் மைனஸ் கழித்தல் குறிதான். தாய்ப்பலகையில் செருகியுள்ளவற்றின் பட்டியல் வரும். அதில் நெட்வொர்க் கன்ட்ரோலர் என்ற வரியைத் தேடுங்கள். அட்டை தெரிகிறது, ஆனால் அதன் கீழே கர்னல் டிரைவர் இன் யூஸ் என்ற வரி இல்லையா? டிரைவர் இல்லை. பிராட்காம் நிறுவனத்தின் அட்டைகளில் இது வழக்கம். மின்டில் டிரைவர் மேனேஜர் என்ற செயலி தேவையானதைக் காட்டும், டிக் போட்டால் நிறுவிவிடும். பயாஸில் செக்யூர் பூட் இயங்கினால் இப்படி வெளியிலிருந்து வரும் டிரைவரைக் கையொப்பம் இல்லையென்று கர்னல் ஏற்க மறுக்கலாம். நிறுவும்போது கேட்கும் கடவுச்சொல்லையும் அடுத்த தடவை ஏறும்போது வரும் நீலத் திரையையும் அவசரப்பட்டுத் தாண்டிவிடாதீர்கள், அந்த அனுமதியைத்தான் அங்கே கேட்கிறது.

டிரைவர் இருந்தும் வேலை செய்யாவிட்டால் ஃபர்ம்வேரைச் சந்தேகப்படுங்கள். அட்டைக்குள் ஓடவேண்டிய சிறு நிரல் அது, ஒவ்வொரு தடவை ஏறும்போதும் டிரைவர்தான் அதை அட்டைக்குள் ஏற்றிவிடும். டெபியன் என்ற லினக்ஸ் வகை நீண்ட காலம் மூல நிரல் திறக்கப்படாத ஃபர்ம்வேரைத் தன் அதிகாரப்பூர்வ நிறுவல் வட்டில் சேர்க்காமல் இருந்தது. 2023இல் வந்த டெபியன் 12இல்தான் சேர்த்தார்கள். ‘லினக்ஸுக்கு வைஃபை வராது’ என்ற பேச்சுக்கு ஒரு வேர் இங்கே இருக்கிறது, முழுப் பொய் என்று சொல்ல மாட்டேன்.

சரி, வைஃபை இல்லாமல் டிரைவரை எப்படி இறக்குவது? ஆண்ட்ராய்டு கைப்பேசியைச் சார்ஜர் கம்பியால் மடிக்கணினியில் இணைத்து, கைப்பேசியின் ஹாட்ஸ்பாட் அமைப்பில் யூஎஸ்பி டெத்தரிங்கைப் போடுங்கள். லினக்ஸ் அதைக் கம்பி வழி இணையம் என்று எடுத்துக்கொள்ளும், தனி டிரைவர் எதுவும் வேண்டாம். வீட்டு வைஃபையில் கைப்பேசி இருந்தால் பல கைப்பேசிகளில் அதே இணைப்பே மடிக்கணினிக்கும் போகும், டேட்டாவும் மிச்சம்.

எல்எஸ்பிசிஐயிலும் அட்டை தெரியவில்லையென்றால் மறுபடி பயாஸ். அங்கேயும் எனேபிள்ட் என்றுதான் இருக்கிறதா? மூடியைக் கழற்றி அட்டை ஒழுங்காகச் செருகியிருக்கிறதா என்று பாருங்கள், திருகு கழன்று லேசாகத் தூக்கிக்கொண்டிருக்கலாம். எடுத்துத் துடைத்து மறுபடி செருகியும் தெரியாவிட்டால் அட்டை போய்விட்டது.

வேறு அட்டை வாங்குவதை விட யூஎஸ்பி வைஃபை டாங்கிள், அதாவது யூஎஸ்பி துளையில் செருகும் குட்டி வைஃபை கருவி, எளிது. ஆனால் டப்பாவில் உள்ள வேகத்தைப் பார்த்து வாங்காதீர்கள், உள்ளே என்ன சிப் என்று கேளுங்கள். மலிவாகக் கிடைக்கும் ரியல்டெக் டாங்கிள்கள் சிலவற்றுக்குக் கர்னலுக்கு வெளியே டிரைவர் தேட வேண்டியிருக்கும், கர்னல் புதுப்பித்ததும் அது உடைந்தும் போகலாம். மீடியாடெக் எம்டி7612யூ சிப்புக்கு 4.19ஆம் பதிப்பிலிருந்தே கர்னலிலேயே டிரைவர் இருக்கிறது. கடைக்காரர் “எல்லாம் ஒண்ணுதான், தம்பி” என்று சொன்னால், மடிக்கணினியைக் கடைக்கே கொண்டுபோய்ச் சொருகிப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.